ஆள் இல்லாத படம்

செம்பூர்
9 ஜனவரி 2023

வெங்கடேஷ்,

உறையில் என் பெயர் இருக்காது. எங்கள் ஷிப்பிங் ஆபீஸின் முத்திரைதான் இருக்கும். பை ஏற்றுமதி விஷயமாக ஏதோ காகிதம் என்று நினைத்து உன் பட்டறை முதலாளி இஜாஸ் பாய் உன் வெட்டு மேசையில் வைத்துவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது. உன் வீட்டிலும் உன்னைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்க வராது. பிரேமலதா மராத்திப் பள்ளி, மகள் இங்கிலீஷ் மீடியம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும்.

மூன்றரை வருஷம் ஆகிறது. எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்று முதலில் உன்னிடம்தான் சொன்னேன். நீ மூன்று இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தாய். மூன்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்ததும், "இனிமே என் மூஞ்சியிலேயே முழிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். பதினோரு வருஷப் பழக்கம் ஒரு போனில் முடிந்தது. அதற்கு உன்னோடு சண்டை போட வேண்டும், போடுவேன், ஆனால் இன்றைக்கு இல்லை.

நான் மாத்திரை வாங்குகிற செம்பூர் கிளினிக்கில் புதிதாக ஒரு பரிசோதனை செய்கிறார்கள். ஆசனவாயில் புற்றுநோய் வருவதற்கு முன்பே, வரப்போகிற இடத்தைக் கண்டுபிடிப்பது. முதலில் வினிகர் தடவுகிறார்கள், பிறகு ஒரு மஞ்சள் சாயம். பேனா ரீஃபில் மாதிரி ஒரு மெல்லிய கம்பி, அதன் முனைதான் மைக்ராஸ்கோப். அதைத் தொட்டு வைத்தால் அறுக்காமல் கொள்ளாமல் உள்ளே இருக்கிற செல் எல்லாம் திரையில் வந்துவிடுகிறது, கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளாக. புள்ளி சின்னதாக, தள்ளித் தள்ளி இருந்தால் நல்லது. பெரிதாக, காலை ஒன்பது மணி வடாலா ஸ்டேஷன் பிளாட்பாரம் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றால் கெட்டது. போன செப்டம்பரில் எனக்குப் பார்த்தார்கள். சுத்தம் என்றார்கள். வைரஸ் மட்டும் இருக்கிறதாம்.

இந்த வைரஸ் வேறு, வெங்கடேஷ். மரு உண்டாக்குகிற ஜாதி. உன் ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. என்னிடம் இருந்தால் உன்னிடமும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. என் மேல் எத்தனை கோபம் இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள். கேட்பது அவ்வளவுதான்.

நகுல்


தாராவி
21 ஜனவரி 2023

நகுல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கொடுக்கும்போது இஜாஸ் பாய், "கஸ்டம்ஸ்ல ஏதாவது லஃபடாவா?" என்று ஹிந்தியில் கேட்டார். ஆமாம், பழைய சரக்கு ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றேன்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. மூலம் இருக்கிறது. பதினாறு வயதிலிருந்து நின்றுகொண்டே தோல் வெட்டுகிறவனுக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும்? தீபாவளியிலிருந்து கொஞ்சம் ரத்தம் போகிறது. லேகியம் சாப்பிடுகிறேன். உங்கள் கம்பியும் வினிகரும் உங்களோடு இருக்கட்டும்.

மேலும் அந்த கிளினிக்கில் கவுன்சிலர் மேசையில் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? பூலோகம். பிரேமலதாவின் பெரியப்பா மகன், எனக்கு மச்சான். எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவர் எதிரே போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் கம்பி விட வந்திருக்கிறேன் என்று சொல்லவா?

இத்தோடு முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உறையை ஒட்டாமல் மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்று காலையிலும் ரத்தம். இது போன தடவையைவிட அதிகம்.

ஒரு வழி இருக்கிறது. வியாழக்கிழமை பூலோகம் மச்சான் கோவண்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்விடுவார், கிளினிக்கில் இருக்க மாட்டார். உன் கிளினிக் கார்டைக் கொடு. உன் பெயரில் போகிறேன். இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. பம்பாய் வந்த புதிதில் சொந்தக்காரர் ஒருவருடைய ரயில் பாஸில்தான் ஊரைச் சுற்றினேன். முதல் பட்டறையில் ஊருக்குப் போன ஒருவன் பெயரில் இரண்டு வருஷம் வருகைப் புத்தகத்தில் ஹாஜரி போட்டேன், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். எங்கள் பக்கம் பெயரும் இரவல் வாங்குகிற சாமான்தான்.

ஆனால் ஒன்று. என் பெயரை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. என்ன ஆனாலும் சரி. உன் அம்மா மேல் சத்தியம் என்று கைப்பட எழுதிக் கொடு. அதற்குப் பிறகு போகிறேன்.

வெ.


செம்பூர்
2 பிப்ரவரி 2023

வெங்கடேஷ்,

எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் வேலை. தெரிந்தே தப்பான காகிதம் அனுப்புவது இதுதான் முதல் தடவை. நீ போகாமலே இருந்துவிடுவாய் என்கிற பயத்தில் அனுப்புகிறேன்.

கார்டு உள்ளே இருக்கிறது. போட்டோ கிடையாது. என் அடுத்த முறை மார்ச் 16, நல்ல வேளையாக வியாழக்கிழமை. எனக்குப் பார்த்த டாக்டர் புனேக்குப் போய்விட்டார். இப்போது டாக்டர் ரஷீதா என்று ஒருவர். அவர் என்னைப் பார்த்ததே இல்லை. பார்த்தாலும் அங்கே முகத்தை யாரும் கவனிப்பதில்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா பெயர் வைத்தியநாதன். தடுமாறாதே.

கேட்டதை எழுதுகிறேன். வெங்கடேஷ் என்கிற பெயரை யாரிடமும், எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். என் அம்மா மேல் சத்தியம். அம்மா போய் நாலு வருஷம் ஆனாலும் அவள் மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் இல்லை நான் என்று உனக்குத் தெரியும்.

நகுல்


தாராவி
19 மார்ச் 2023

சாமி,

பழைய பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அரைமணி நேரம் உன் பெயரில் இருந்த உரிமை.

போய் வந்துவிட்டேன். "நகுல் வைத்தியநாதன்" என்று கூப்பிட்டதும் முதல் தடவை உட்கார்ந்தே இருந்தேன். இரண்டாவது தடவை பக்கத்தில் இருந்தவர் என் காலைத் தட்டினார். கண்ணாடி போட்ட சின்னப் பெண் அந்த டாக்டர். "நகுல் பாய், பயப்படாதீர்கள், அசையாமல் இருங்கள்" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. இந்த உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் என்னிடம் பேசிய ஆள் உனக்குப் பிறகு அவர்தான்.

வலி பெரிதாக இல்லை. வினிகர்தான் எரிந்தது. திரையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்று திருப்பி வைத்தார். நீ சொன்ன மாதிரிதான், கறுப்பில் புள்ளி. முதலில் சின்னச் சின்னதாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிறகு கம்பியை வேறு இடத்தில் வைத்தார். எடுத்துத் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். மூன்று தடவை. தோலில் பழுது இருக்கிற இடத்தில் நான் கையை வைத்து வைத்துப் பார்ப்பேனே, அப்படித்தான் பார்த்தார்.

துளி சதை எடுத்து அனுப்ப வேண்டும், ஊசி போட்டு இப்போதே எடுக்கிறேன், காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். உன் கையெழுத்து எனக்கு எங்கே வரும்? வேலைக்கு நேரமாயிற்று என்று பேண்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூலத்தைப் பார்த்துத்தான் அப்படி யோசித்திருப்பார். ஒன்றும் இருக்காது. கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வெ.


செம்பூர்
27 மார்ச் 2023

வெங்கடேஷ்,

டாக்டர் ரஷீதா எனக்குப் போன் செய்தார். ஃபைலில் இருப்பது என் நம்பர் அல்லவா. "நகுல், போன தடவை சுத்தமாக இருந்த இடத்தில் இந்தத் தடவை மோசமான மாற்றம் இருக்கிறது" என்றார். ஒரு கணம் எனக்கே வந்துவிட்டது போல உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் அது உனக்கு என்பது உறைத்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

நிதானமாகப் படி. இது புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய படி. சதை எடுத்துப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, கரண்டால் பொசுக்கிவிடுவார்களாம். அரைமணி நேர வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம், இரண்டு நாளில் பட்டறைக்குப் போகலாம். விட்டுவைத்தால் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, சிலருக்கு வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது, சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகாது என்றார். ரத்தம் போவதாக நீ எழுதியிருந்தாய். அதனால் அவசரம்.

கார்டைத் திரும்ப வைத்திருக்கிறேன். இந்த வியாழக்கிழமையே போ. என் கையெழுத்தையும் ஒரு காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறேன், பார்த்துப் பழகு.

நகுல்


தாராவி
30 ஏப்ரல் 2023

நகுல்,

ஐந்து வாரமாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். அந்த ரிப்போர்ட்டில் யார் பெயர் போட்டிருக்கிறது? உன் பெயர். வயசு? உன் வயசு. போன செப்டம்பரில் எடுத்த படமும் அதே ஃபைலில்தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே மாறிப்போகிறது. பழைய படத்தையும் புதுப் படத்தையும் அந்தப் பொண்ணு மாற்றிப் பார்த்திருக்கலாம் அல்லவா? மாத்திரை சாப்பிடுகிறவன் நீ. நோய் உனக்கு இருக்கத்தான் வாய்ப்பு. நீ போய்ப் பார்த்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். ரத்தம் இப்போது குறைந்திருக்கிறது. போன ஞாயிறு குடும்பத்தோடு தேவ்நாரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் பூலோகம் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மாப்ளே, எளச்சுப் போயிட்டீரு? சுகர் கிகர் பாத்தீரா?" என்று கேட்டார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அவர் வேலை செய்கிற இடத்துக்கு இன்னொரு தடவை போவதைவிட ரத்தம் போவதே மேல்.

மகள் செண்பகவல்லிக்கு ஒன்பது வயசு. அவளுக்கு ஒரு நாள் கல்யாணம் ஆக வேண்டும். இந்தச் சந்தில் ஒரு விஷயம் தெரிந்தால் எங்கே போய் நிற்கும் என்று மாட்டுங்காவில் பிறந்தவனுக்குச் சொன்னால் புரியாது.

கார்டு உள்ளே.

வெ.


செம்பூர்
16 ஜூன் 2023

வெங்கடேஷ்,

நீ சொன்னபடியே போய்ப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு. என் பெயரில், என் உடம்போடு.

டாக்டர் ரஷீதா மார்ச்சில் எடுத்த படத்தைத் திரையில் ஒரு பக்கம் போட்டுக்கொண்டு கம்பியை வைத்தார். தேடினார். இருபது நிமிஷம் தேடினார். என்னிடம் ஒன்றும் இல்லை. சின்னப் புள்ளி, தள்ளித் தள்ளி. "மூன்று மாதத்தில் இது எப்படிப் போகும்? நான் தப்பாகப் பார்த்தேனா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் தன் கண்ணையே சந்தேகப்பட்டதைப் பார்த்தபிறகு என்னால் சும்மா படுத்திருக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து சொல்லிவிட்டேன். மார்ச்சில் வந்தது நான் இல்லை என்று.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "நோயாளி இருந்து படம் இல்லாமல் போனால் இன்னொரு படம் எடுப்பேன். இங்கே படம் இருக்கிறது, ஆள் இல்லை. நான் என்ன செய்யட்டும்?" யார் அது என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். எந்த ஏரியா என்றாவது சொல்லுங்கள் என்றார். அதையும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து பூலோகம் ஏதோ ஃபைல் எடுக்க உள்ளே வந்தார். விஷயத்தை டாக்டர் சொன்னதும் என்னிடம் திரும்பி, "சார், நம்ம தாராவிப் பக்கத்து ஆளுன்னா சொல்லுங்க. ராவோட ராவா யாருக்கும் தெரியாம கூட்டியாந்திருதேன். எத்தனயோ பேர கூட்டியாந்திருக்கேன், எம் பொஞ்சாதிக்குக்கூட தெரியாது" என்றார். நல்ல மனுஷன் வெங்கடேஷ். நீ நினைக்கிற மாதிரி இல்லை. நான் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டர் சொல்லி அனுப்பியது இது: எந்தக் கிழமை வேண்டுமானாலும் வரலாம். எந்தப் பெயரிலும் வரலாம், பெயரே இல்லாமலும் வரலாம். கதவைச் சாத்திக்கொண்டு அவரே பார்ப்பார். படத்தை அச்செடுத்துக் கொடுத்தார், இதில் வைத்திருக்கிறேன். மேலே பெயர் இருந்த இடத்தை அவர் கையாலேயே அடித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். இனிமேல் இது என்னுடையது என்று நீ சொல்ல முடியாது. உன்னுடையதுதான். போ.

நகுல்


தாராவி
24 ஜூன் 2023

இத்துடன் நீ எழுதிக் கொடுத்த சத்தியத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை படித்துப் பார். யாரிடமும், எந்த நிலையிலும் என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. பாதியைச் சொல்லிவிட்டாய். மீதியையாவது காப்பாற்று.

படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனிமேல் பட்டறைக்குக் கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.


செம்பூர்
4 ஜனவரி 2024

வெங்கடேஷ்,

நீ அப்படி எழுதிய பிறகு இது ஐந்தாவது கடிதம். முந்தின நாலும் அடுப்புக்குப் போயிருந்தால் இதுவும் போகட்டும்.

போன வாரம் மாட்டுங்காவில் உன்னைப் பார்த்தேன். பூ மார்க்கெட் பக்கம், எதிர்ச் சாரியில். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். ஹோட்டல் வாசலில் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், நீ உட்காரவில்லை. காபியை நின்றுகொண்டே குடித்தாய். பழக்கம் என்று அவளிடம் சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும், உன்னால் உட்கார முடியவில்லை. ரோட்டைக் கடந்து வரத்தான் நினைத்தேன். மகள் முன்னால் என்னைத் தெரியாதவன் மாதிரி நீ பார்ப்பாயே என்று நின்றுவிட்டேன்.

மாத்திரைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் ரஷீதா, "உங்கள் ஆள் வந்தாரா?" என்று கேட்கிறார். வருவார் என்கிறேன். ஃபைலில் அந்தப் படத்தை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்.

என்னோடு பேச வேண்டாம். என்னை வெறுத்துக்கொண்டே போய்ப் படு. அரைமணி நேரம்தான்.

நகுல்


தாராவி
16 பிப்ரவரி 2025

நகுலு,

நீயே எங்கும் கேள்விப்படுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். முற்றிவிட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டறையில் விழுந்துவிட்டேன். வெளிக்குப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. இஜாஸ் பாய் டாக்ஸி வைத்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பெரிய கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். தொடை இடுக்கில் கட்டி வரைக்கும் பரவியிருக்கிறதாம். வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்டியிருக்கிறார்கள். ஆயுசு முழுக்கப் பை தைத்தவன், இப்போது என் மேலேயே ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறேன். சிரிக்க வேண்டும் போல இருந்தால் சிரி. நான் ஒரு தடவை சிரித்தேன்.

மருந்து ஏற்றினார்கள், முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். பின்பக்கம் முழுக்க வெந்து போயிருக்கிறது. இன்னும் இருக்கிறது என்கிறார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

அங்கே கவுண்டரில் ஆதார் கார்டைக் கேட்டார்கள். என் பெயர், அப்பா ஆறுமுகநயினார் பெயர், என் போட்டோ. இரவல் பெயர் எதுவும் செல்லவில்லை. கூட வந்து ஃபாரம் நிரப்பியது யார் தெரியுமா? பூலோகம் மச்சான். எந்த இடத்தில் நோய் என்று தெரிந்ததும் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். வருஷக்கணக்காக அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறவர். கழிவறை வரைக்கும் தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார். வாசலில் நின்று, "அந்தப் படம் உம்மதானா மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன். அவர் சுவரில் சாய்ந்து அழுதார். நான் உள்ளே நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நியாயம் இல்லைதான், இருந்தாலும் கேட்கிறேன். நான் சத்தியம் வாங்கினேன். மிரட்டினேன். அடுப்பில் போடுவேன் என்றேன். (போடவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் படித்தேன். தோல் கட்டுக்கு அடியில் இருக்கிறது.) ஆனால் நீ படித்தவன், விவரம் தெரிந்தவன். அந்த மனுஷன் உன் எதிரே நின்று யாரென்று கேட்டபோது, ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் என்ன? நான் உன்னைக் கொல்ல வந்திருப்பேன். வந்திருந்தால் உயிரோடு வந்திருப்பேன் அல்லவா? ஏண்டா சாமி சத்தியத்தைக் காப்பாற்றினாய்?

வெ.


செம்பூர்
25 பிப்ரவரி 2025

வெங்கடேஷ்,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். பதில் எழுதுவதற்கு இத்தனை நாள் ஆயிற்று.

மூன்று தடவை பூலோகத்தின் அறை வாசலில் போய் நின்றேன். ஒரு தடவை அவரே வெளியே வந்து, "என்ன சார், ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார். குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். அது தண்ணீர்க் குழாய்க்கு எதிரே இருக்கிற அறை.

அம்மா மேல் சத்தியம் என்று உன்னிடம் சொல்லலாம். அது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நோய் என்றதும் நீ என்னைத் தூக்கி எறிந்தாய். நான் உன்னை எறியவில்லை, நீ கேட்ட வாக்கை அப்படியே காப்பாற்றுகிறேன், பார்த்துக்கொள் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. உன்னைவிட நான் நல்லவன் என்று காட்ட எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. நீ ஒரு நாள் புரிந்துகொண்டு வருத்தப்படுவாய் என்று காத்திருந்தேன். நீ செத்துக்கொண்டிருந்ததும் அதே நாட்களில்தான்.

மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன். ஒன்றே ஒன்று இன்னும் கையில் இருக்கிறது, வெங்கடேஷ். இந்த வைரஸ் உன்னோடு நிற்காது. பிரேமலதாவுக்குக் கர்ப்பப்பை வாயில் வரலாம். அவளிடம் சொல். நீ சொல்லாவிட்டால் இந்தத் தடவை நான் சொல்வேன். எந்தச் சத்தியமும் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

நகுல்


தாராவி
23 மார்ச் 2025

நகுலு,

நீ கதவைத் தட்ட வேண்டி வரவில்லை. நானே சொல்லிவிட்டேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உன் கடிதங்களை எடுத்து வைத்து முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். அவளுக்குத்தான் தமிழ் படிக்க வராதே. இத்தனை நாள் அதுதான் எனக்குப் பாதுகாப்பாக இருந்தது, கடைசியில் என் வாயாலேயே ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டி வந்தது. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் நிறுத்தினால், "வாசிங்க" என்றாள். எல்லாம் முடிந்ததும், "நகுல் சார்னா, நம்ம செண்பா பொறந்தப்ப வெள்ளிக் கொலுசு கொண்டாந்தாரே, அவரா?" என்று கேட்டாள். ஆமா என்றேன். அதற்குப் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை. பையை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிட்டாள்.

ஐந்தாவது நாள் புடவை கட்டிக்கொண்டு, "கௌம்புங்க, அந்த டாக்டரம்மா எங்க இருக்கா?" என்றாள்.

என்னால் உட்கார முடியாது என்று பூலோகம் மச்சான் வண்டியில் பின் சீட்டில் படுக்கவைத்துக் கூட்டிப் போனார். கவுண்டரில் பெயர் கேட்டார்கள். அவள் குனியவில்லை, சுற்றிப் பார்க்கவில்லை. வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பிரேமலதா வெங்கடேஷ், தாராவி" என்றாள். நான் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ரஷீதா வெளியே வந்து என்னைப் பார்த்தார். முகத்தை அடையாளம் தெரியவில்லை. "நான்தான் மேடம், அந்தப் படம்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்கும் இருந்தது, நகுலு. அதே கம்பி, அதே சாயம், அதே புள்ளி. முந்தைய படிதானாம். சதை எடுத்து அனுப்பி, ரிப்போர்ட் வந்து, நேற்று பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். சூடு வைத்து அந்த இடத்தைப் பொசுக்கினார்கள். பதினொன்றரைக்குப் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். இனி வருஷம் ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்கள். வழியில் மீன் வாங்கினாள். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தாள், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலை பின்னிவிட்டாள்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் என் வயிற்றில் தொங்குகிற பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுதானா?" என்றாள். "இதுக்கா இத்தன பயந்தீய?"

ஆமா என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. மச்சானும் இருப்பார். நீ வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஆ. வெங்கடேஷ்